முபஷிர் எந்த ஜெயிலில்?

"பாய், போனு வந்துச்சுங்க. சொல்றேன், ஆனா மொதல்ல உக்காருங்க" என்று கத்திக்கொண்டே எஸ்.டி.டி. பூத் மாணிக்கம் மிளகு மண்டிக்குள் ஓடிவந்தான்.

அப்பாஸ் அலி ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். அதனால் பதறி எழுந்து நின்றார்.

"யாரு போனு?"

"உங்க பையனுங்க. 'அப்பாஸ்'னு பேரு கேட்டுச்சு. அப்புறம் கொரகொரன்னு ஒரே இரைச்சல். 'பையன் ஜெயில்ல இருக்கேன்னு சொல்லிருங்க'ன்னது மட்டும் காதுல விழுந்துச்சு. அத்தோட கட்டாயிருச்சுங்க."

"முபஷிரா? குரல் அவன் குரல்தானா?"

"அந்த இரைச்சல்ல என் குரலே எனக்குத் தெரியலீங்க பாய்."

அப்பாஸ் அலி பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்காரப் போனார். மிளகு மூட்டை போட வந்திருந்த அப்பாசாமிதான் தாவிப் பிடித்து உட்கார வைத்தார். மலைமேல் இருக்கும் அந்தச் செம்மேட்டில் யார் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் அழைக்காமலே முன்னால் வந்து நிற்பவர் அவர்.

"ஏனுங்க பாய், மனசத் தேத்திக்கோங்க. தம்பி என்ன படிக்கப் போச்சு?"

"கிரிமினாலஜியும் சட்டமும். ரெண்டும் சேந்த படிப்பு."

"அப்ப செஞ்சு பாத்திருப்பானுங்க. டாக்டருக்குப் படிக்கறவன் பொணத்த அறுத்துப் பாக்கறதில்லீங்களா? அது மாதிரி."

முபஷிர் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போய் ஒரு வருடம் முடிந்திருந்தது. மெல்போர்னில் பெரிய பல்கலைக்கழகம். குற்றம் ஏன் நடக்கிறது, செய்தவனை என்ன செய்வது என்று ஒரு பாதி. சட்டம் இன்னொரு பாதி. இதை அப்பாஸ் அலி மலை முழுக்க விளக்கிச் சொல்லியிருந்தார். கேட்டவர்கள் 'கிரிமினல்' என்ற வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்கள். வீட்டுக்கு இன்னும் போன் வராததால், ஞாயிற்றுக்கிழமை காலையில் மாணிக்கத்தின் பூத்துக்குத்தான் அவன் பேசுவான். நடுவாரத்தில் பேசியதே இல்லை. இப்போது பேசியிருக்கிறான் என்றால்?

கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு குற்றத்தை நினைத்துப் பார்த்தார். திருட்டா? சேச்சே. அடிதடியா? அவன் கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவான். மலையடிவாரத்தில் அவர் வீடு இருந்த பேளுக்குறிச்சியில் இறங்கும்போது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

மனைவி ஜீனத் பீவி முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி வாரீங்க?"

ஜெயில் என்று சொல்ல நாக்கு வரவில்லை. "முபஷிருக்குக் காய்ச்சலாம். ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம்."

அது தப்பாகப் போயிற்று. ஜீனத் பீவி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஒருத்தி கஷாயத்துக்கு இஞ்சி தட்டினாள். அதை எப்படி மெல்போர்னுக்கு அனுப்புவது என்று இன்னொருத்தி கேட்டாள்.

"மெஹ்ரின், வாடி! அவன் ரூமுக்குப் போன் போட்டு எந்த ஆஸ்பத்திரின்னு கேளு!"

மகள் மெஹ்ரின் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிப்பவள். அப்பாஸ் அலி தடுக்கத் தடுக்க, ஜீனத் பீவி அவளைப் பக்கத்துத் தெரு பூத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் எடுத்தவன் முபஷிரோடு தங்கியிருக்கும் வெள்ளைக்காரப் பையன். மெஹ்ரின் இரண்டு தடவை கேட்டாள். போனை வைத்தாள்.

"எந்த ஆஸ்பத்திரியாம்?"

"ஆஸ்பத்திரி இல்லம்மா." மெஹ்ரின், பின்னாலேயே வந்திருந்த அப்பாஸ் அலியைப் பார்த்தாள். "ஜெயிலாம். 'ஜெயிலுக்குப் போயிருக்கான், வர நாளாகும்'னு சாதாரணமாச் சொல்றான். சொல்லிட்டு வெச்சுட்டான்."

ஜீனத் பீவிக்கு அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அப்படியே பூத் வாசலில் உட்கார்ந்தாள். "யா அல்லாஹ்" என்றாள் மெதுவாக. "அதுக்குக் காய்ச்சலே வந்திருக்கலாம்."

மறுநாள் காலை அப்பாசாமி மலையிறங்கி வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பலாப்பழம் வேறு.

"அழுது என்னுங்க ஆவப் போவுது? அந்தக் காலேஜுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிப் போடுங்க. பெத்தவன் எழுதினா எந்த ஊர்லயும் மனசு எளகுமுங்க."

அப்பாஸ் அலிக்கும் அது சரியாகத் தோன்றியது. எதையாவது செய்தாக வேண்டும்போல் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல மெஹ்ரின் ஆங்கிலத்தில் எழுதினாள். தெரிந்தோ தெரியாமலோ என் மகன் செய்த குற்றத்தை மன்னியுங்கள், அவன் உங்கள் பிள்ளை, தண்டனை முடிந்ததும் வகுப்பில் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

"என்ன குத்தம்னு தெரியாமலே ஒத்துக்கறோமே அத்தா?" என்றாள் மெஹ்ரின்.

"அதான் 'தெரிந்தோ தெரியாமலோ'ன்னு போட்டிருக்கமே."

ராசிபுரத்துக்குப் போய் அதை பேக்ஸ் அனுப்பினார்கள். அப்பாசாமியும் துணைக்கு வந்தார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார் மெஹ்ரினுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தகப்பனார். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் தேதி குறிக்க வருவதாக இருந்தவர்.

"என்ன பாய், முகமெல்லாம் வாடியிருக்கு?"

"பையனுக்குக் கொஞ்சம் உடம்பு…" என்று அப்பாஸ் அலி ஆரம்பித்தார்.

"உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று அப்பாசாமி குறுக்கே புகுந்து தைரியம் சொன்னார். "ஜெயில்லதான் இருக்கான். பயப்படாதீங்க, வெளிநாட்டு ஜெயிலுங்க. கட்டில், மெத்தை எல்லாம் தருவாங்களாம்."

சம்பந்தி கையிலிருந்த பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "தேதிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஓடி ஏறினார். அது அவர் ஊருக்குப் போகிற பஸ் இல்லை.

அப்பாஸ் அலி அங்கேயே ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மகன் போனான், மகள் கல்யாணமும் போயிற்று.

"இதெல்லாம் வளப்புங்க பாய்" என்றார் அப்பாசாமி பக்கத்தில் உட்கார்ந்து. "தப்பா நெனைக்காதீங்க. புள்ளைய அத்தாந்தூரம் அனுப்பலாங்களா? எம் பையனப் பாருங்க, இங்கிருக்கற கோயமுத்தூர்ல மில்லு வேலை. அவன் உண்டு, அவன் வேலை உண்டு."

அப்பாஸ் அலி எழுந்து போய், ஊருக்குப் பஸ் எப்போது என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே செம்மேட்டுக்குப் போயிற்று. வந்தாலும் வராவிட்டாலும் போனுக்காகக் காத்திருப்பது என்று ஜீனத் பீவி பிடிவாதமாக வந்தாள். செய்தி தெரிந்தவர்களெல்லாம் மாணிக்கத்தின் பூத்தைச் சுற்றி நின்றார்கள். அப்பாசாமி கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்.

போன் அடித்தது.

"அத்தா!" முபஷிரின் குரல் கணீரென்று கேட்டது. "என்னத்தா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"தம்பி! வெளிய விட்டுட்டாங்களா?"

"எதுல இருந்துத்தா? உங்க பேக்ஸப் பாத்துட்டு இங்க வெளிநாட்டு மாணவர் ஆபீஸ்ல கூப்பிட்டு உக்கார வெச்சு, எந்த ஜெயில், என்ன குத்தம், விசாக்காரங்ககிட்ட ஏன் மறைச்சேன்னு கேக்கறாங்க. என்னைத் திருப்பி அனுப்பப் பாத்தாங்கத்தா!"

"அப்ப நீ ஜெயிலுக்குப் போகலியா?"

"போனேன். எங்க வகுப்பே போச்சு. கைதிகளை எப்படி நடத்தறாங்கன்னு பாக்கறதும் பாடந்தான். தூரத்து ஊரு, அங்கயே தங்கிப் பாத்துட்டு வந்தோம். கூட வந்த வாத்தியாரே ஆபீசுக்கு வந்து, 'இவன் எங்கூடத்தான் இருந்தான், அப்ப என்னையும் அனுப்புங்க'ன்னு சண்டை போட்டாரு. அதுக்கப்புறந்தான் விட்டாங்க."

அப்பாஸ் அலியின் கண்ணிலிருந்து நீர் தாரையாக ஊற்றியது. ஜீனத் பீவி போனைப் பிடுங்கி, "சாப்பிட்டியா கண்ணு? ஜெயில்ல என்ன போட்டாங்க?" என்று கேட்டாள். பிறகு பேச முடியாமல் மகளிடம் கொடுத்தாள்.

"நீ பாடத்துக்குப் போறதுன்னா அப்படிச் சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் மெஹ்ரின். "நடுவாரத்துல பூத்துக்குப் போன் பண்ணி மொட்டையா ஜெயில்ல இருக்கேன்னு சொன்னா?"

"நானா? நான் போன் பண்ணவே இல்லையே" என்றான் முபஷிர்.

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. வெளியே அதற்குள் ஒரே சிரிப்பு. மெஹ்ரின் சம்பந்தி வீட்டுக்குத் தானே போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் நெடுநேரம் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்கள். அப்பாஸ் அலி பேக்கரியிலிருந்து அல்வா வாங்கி வரச்சொல்லி எல்லாருக்கும் தன் கையாலேயே கொடுத்தார்.

முதல் அல்வா அப்பாசாமிக்கு. "எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றார் அவர் மென்றுகொண்டே. "நம்ம தம்பி அப்படிப்பட்டவனா? ஆனாலும் பாய், புள்ளைங்கள ஒரு கண்ணு பாத்துக்கோணுங்க. எங்க போறான், யாருகூடச் சேர்றான்னு பெத்தவனுக்குத் தெரியோணும். எம் பையன் விசயத்துல நான் அதுல ரொம்பக் கண்டிப்பு."

மலையேறி வந்த பஸ் நின்றது. அதிலிருந்து வெயிலில் வாடிய ஒரு போலீஸ்காரர் இறங்கி, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தபடி கூட்டத்தைப் பார்த்து வந்தார்.

"ஏனுங்க, இங்க அப்பாசாமிங்கறது யாருங்க? பையன் கோயமுத்தூர் ஜெயில்ல இருக்கான், பூத்துக்குப் போன் பண்ணிச் சொல்லியாச்சுன்னான். இத்தன நாளா ஒருத்தருமே எட்டிப் பாக்கலீங்களே?"