கண்ணடித்த கார்

"ஏங்க, இந்த வண்டி என்னைப் பாத்துக் கண்ணடிக்குது" என்றாள் பிரிஜெட்.

பெர்னார்ட் சாலையிலிருந்து பார்வையை எடுத்துக் கீழே பார்த்தான். உண்மைதான். வேகம் காட்டும் மீட்டருக்குப் பின்னால் இருந்த சின்ன விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. பிறகு எரியலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் மங்கலாக நின்றது.

அல்சூர் ஏரிக்கரையில், டிசம்பர் மாத ஆறரை மணி இருட்டில், பெர்னார்ட் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினான். சொந்தக் காராக இருந்தால் நிறுத்தியிருக்க மாட்டான். அது மேனேஜர் கஸ்தூரிரங்கனுடைய கார்.

பெர்னார்ட் கூரை ஓடு செய்யும் கம்பெனியில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு டைப் அடிக்கப்பட்டு, மேனேஜரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. நேற்றுத்தான் அவர் அவனைத் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஓய் பெர்னார்ட், மெட்ராஸ்ல என் பொண்ணுக்குப் பிரசவம். நான் வரப் பத்து நாள் ஆகும். பட்டாளத்துல லாரி ஓட்டினவர்தானே நீர்? என் வண்டியை எடுத்துண்டு போம். நிறுத்தியே வச்சா பேட்டரி செத்துப்போயிடும். தினம் சாயங்காலம் ஒரு சுத்து ஓட்டும், போதும்."

"நானா சார்?"

"உம்மைத்தான் நம்பறேன். எப்படிக் குடுக்கறேனோ அப்படியே திரும்பி வரணும். வந்ததும் உம்ம ஆர்டரைப் பாக்கறேன்."

கடைசி இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து வந்ததுதான் பெர்னார்டைப் பயமுறுத்தியது. ஒரு சுற்று என்றால் மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்து ஏரிக்காற்று வாங்கும் சுற்று என்று அவர் சொல்லவில்லை. போதாக்குறைக்கு வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி, 'டக்' என்று ஒரு சத்தமும் கேட்டிருந்தது.

"அந்தப் பள்ளந்தான் பிரிஜெட். நான்தான் கெடுத்துட்டேன்."

"ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க. நம்ம ரேடியோ அப்படித்தானே பாடுது."

தட்டினான். விளக்கு அணைந்தது. இன்னொரு தட்டு. எரிந்தது. நிச்சயப்படுத்திக்கொள்ள மூன்றாவதாக ஒன்று தட்டினான். விளக்கு ஒரேயடியாக அணைந்தது. போதும் என்று நிறுத்தத் தெரியாதது பெர்னார்டின் பழைய குணம். பட்டாளத்தில் அவன் லாரி ஓட்டியது உண்மை. ஆனால் அங்கே ஓட்டுவதற்கு ஓர் ஆள், பழுது பார்ப்பதற்கு வேறு ஆள்.

"டென்சிலக் கூப்பிடலாம்" என்றாள் பிரிஜெட்.

டென்சில் அவளுடைய தம்பி. மாதா கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீடுகளுக்கும் சீரியல் விளக்குக் கட்டுகிறவன். அவன் கட்டிய விளக்குகள் எரியாமல் இருந்ததில்லை. எந்த சுவிட்சைப் போட்டால் எது எரியும் என்பதுதான் அவனுக்கும் தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை டென்சில் காருக்குள் தலையும் தெருவில் காலுமாகப் படுத்தான்.

"டேய், தெரியாட்டி விட்டுடுடா. மேனேஜர் வண்டி."

"கரென்ட் ஒண்ணுதான் மச்சான். கோயில்ல ஓடுற கரென்ட் கார்ல ஓடாதா? பல்புல பவர் பத்தல, அவ்வளவுதான்."

கொஞ்சம் பெரிய பல்பாகப் போட்டான். விளக்கு எரிந்தது. எரிந்த வேகத்தில் டேஷ்போர்டு முழுக்கப் பகலாகி, பெர்னார்டுக்குச் சாலை தெரியாமல் போயிற்று. நூறு கஜம் போவதற்குள் 'பட்' என்றது. ஃபியூஸ் போயிற்று. அதோடு முன்விளக்குகளும் போயின.

டென்சில் அசரவில்லை. பாக்கெட்டிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்தான். அதிலிருந்த வெள்ளிக் காகிதத்தைச் சுருட்டி ஃபியூஸ் இருந்த இடத்தில் சொருகினான். எல்லா விளக்கும் எரிந்தன.

"என்னடா வாசனை?" என்றான் பெர்னார்ட்.

"புது ஒயர் சூடானா அப்படித்தான் மச்சான் வரும்."

"நீ புது ஒயரே போடலியேடா!"

"அப்ப பழைய ஒயர்" என்றான் டென்சில் அமைதியாக.

சனிக்கிழமை கருகிய ஒயரைப் பிடுங்கிப்போட்டு, திருவிழாவில் மிஞ்சிய பச்சை ஒயரும் சிவப்பு ஒயரும் கொண்டு வந்தான். இரண்டு மணி நேரம் உழைத்தான். பிறகு பெர்னார்டை உள்ளே உட்காரச் சொன்னான்.

"எரியலியேடா."

"ஹாரன அமுக்குங்க."

அமுக்கினான். ஹாரன் அலறியது. மீட்டர் விளக்கு அழகாக எரிந்தது. கையை எடுத்தான். இரண்டும் நின்றன.

"டேய்! ஸ்பீடு தெரியணும்னா ஹாரன் அடிக்கணுமா?"

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை மச்சான் ஸ்பீடு பாக்கப் போறீங்க? வேணுங்கறப்போ ஒரு அடி அடிச்சுப் பாத்துக்கங்க."

"நான் இல்லடா, மேனேஜர் பாப்பாரு! என் ஆர்டர்ல இன்னும் கையெழுத்து விழல!" பெர்னார்டுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வேலை கிடைப்பதற்கு முன்னால் ஒரு வருஷம் வெறுங்கையோடு தெருத்தெருவாக அலைந்தவன் அவன். மறுபடி அந்தச் செருப்புத் தேய்ச்சலை நினைத்தாலே அவனுக்குக் கால் வலித்தது.

"அழாதீங்க மச்சான். காலையில ஹாரன் வேற, லைட்டு வேறன்னு பிரிச்சுடறேன்."

பிரித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலில் சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்த நேரமாகப் பார்த்துப் பிரித்தான். விளக்கு அடியோடு போயிற்று. ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. யாரும் அமுக்கவில்லை. யார் கையை எடுத்தும் நிற்கவில்லை.

பெர்னார்டின் வீடு கோயிலுக்குப் பின்சந்தில். சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பெஞ்சில் இருந்த பிரிஜெட் முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எடுங்க மச்சான், எங்கயாவது ஓட்டுங்க! ஓட ஓட சரியாயிடும்!"

ஓட்டினான். சந்தெல்லாம் கதவுகள் திறந்தன. நாய்கள் பின்னாலேயே ஓடி வந்தன. நாற்சந்தியில் நின்ற போலீஸ்காரர் தூரத்திலேயே இந்த அலறலைக் கேட்டு, யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நான்கு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். விறைப்பாக ஒரு சல்யூட்டும் வைத்தார். பழக்க தோஷம், பெர்னார்டும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு பதில் சல்யூட் வைத்தான். கார் நடைபாதைக் கல்லில் முட்டி, எஞ்சின் நின்றது.

ஹாரன் மட்டும் நிற்கவில்லை. முதலில் எருமை மாதிரிக் கத்தியது. பிறகு கன்றுக்குட்டி மாதிரி. கடைசியில் கொசுவாகி அடங்கிற்று.

"பாத்தீங்களா, தானா சரியாயிடுச்சு" என்றான் டென்சில்.

பெர்னார்ட் சாவியைத் திருப்பினான். ஒன்றுமில்லை. பேட்டரி செத்துவிட்டது. எதைச் சாகவிடாமல் பார்த்துக்கொள் என்று மேனேஜர் காரைக் கொடுத்தாரோ, அதுவே செத்துவிட்டது. சல்யூட் வைத்த போலீஸ்காரர்தான் திட்டிக்கொண்டே வீடு வரை தள்ளிக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் தந்திக்காரர் நின்றிருந்தார். பேரன் பிறந்துவிட்டானாம். மேனேஜர் நாளை விடியற்காலை மெயில் ரயிலில் வருகிறாராம். கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குக் கார் வர வேண்டுமாம்.

"பத்து நாள்னு சொன்னாரே!" என்று பெர்னார்ட் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கோயிலிலிருந்து வந்த பிரிஜெட் தந்தியைப் படித்தாள். "உண்மையச் சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா வேலை போயிடும்."

"சொல்லாட்டிப் பாவமாச்சே."

"பாவத்துக்கு சாமியார்கிட்ட மன்னிப்பு கிடைக்கும் பிரிஜெட். மேனேஜர்கிட்ட கிடைக்காது."

பிரிஜெட் உள்ளே போனாள். கிறிஸ்துமஸ் புடவைக்கு வைத்திருந்த பணத்தை அலமாரியிலிருந்து எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். டென்சில் ஹாரன் ஒயரை அறுத்தான். மூன்று நாளில் அவன் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அது. முன்பக்கத்தில் கைப்பிடியைச் சொருகிச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு, மச்சானும் மச்சினனும் ஸ்ரீராம்புரத்துக்குப் போனார்கள். அங்கே பெருமாள்சாமி என்ற மெக்கானிக் இருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையைத் திறந்து வைத்திருப்பவர்.

பெருமாள்சாமி டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டார். பச்சை ஒயர் வந்தது. சிவப்பு ஒயர் வந்தது. சிகரெட் காகிதம் வந்தது. கடைசியாக ஒரு ரோஜா நிறக் காகிதப் பூவும் வந்தது.

"இன்னா சார், இந்த வண்டிய வச்சுத் தேரு இழுத்தீங்களா? யாரு இதுல கை வச்சது?"

டென்சில் ஆகாயத்தைப் பார்த்தான்.

பெருமாள்சாமி எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார். புது ஒயர் இழுத்தார், சரியான பல்பைப் போட்டார், ஃபியூஸ் மாற்றினார். விளக்கு எரிந்தது. ஆனால் மினுக்கியது.

"மாதாவே, மறுபடியுமா!" என்றான் பெர்னார்ட்.

"இருங்க சார்." அவர் ஸ்பேனரை எடுத்து, மீட்டருக்குப் பின்னால் எர்த் ஒயரைப் பிடித்திருந்த ஒரு நட்டை அரைச் சுற்று முடுக்கினார். விளக்கு அசையாமல் நின்றது. "இது லூசு. அவ்வளவுதான். மொத நாளே இத முடுக்கியிருந்தா அஞ்சு நிமிஷத்து வேலை சார்."

பழைய பேட்டரி பிழைக்காது என்று புதுசு ஒன்றைப் போட்டார். பிரிஜெட்டின் புடவை அதோடு போயிற்று.

திங்கட்கிழமை விடியற்காலை ஸ்டேஷன் முழுக்கப் பனி. கஸ்தூரிரங்கன் படுக்கைச் சுருளைப் பின்னால் போட்டுவிட்டு, முன்சீட்டில் பெர்னார்டின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பெர்னார்ட் சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பில் எஞ்சின் உறுமியது. விளக்குகளைப் போட்டான்.

மேனேஜர் குனிந்து டேஷ்போர்டைப் பார்த்தார். பெர்னார்ட் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி குனிந்து பார்த்தார். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் வண்டி ஏறி இறங்கிக் குலுங்கியபோது, விளக்கின் மேலிருந்து அவர் கண்ணை எடுக்கவேயில்லை. அது சுவாமி விளக்கு மாதிரி நின்று எரிந்தது.

"பேஷ்" என்றார்.

"சார்?"

"பேரனைச் சொன்னேன். வண்டியில ஒண்ணும் கோளாறு இல்லையே?"

"இல்ல சார். எப்படிக் குடுத்தீங்களோ அப்படியே இருக்கு சார்."

இந்தப் பொய்யை அடுத்த சனிக்கிழமை சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று பெர்னார்ட் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

மல்லேஸ்வரத்தில் வீடு வந்தது. மேனேஜர் இறங்கி, பானட்டை ஒரு தடவு தடவினார். "உள்ளே வாரும். உம்ம ஆர்டர் இங்கேதான் இருக்கு. கையெழுத்துப் போட்டே குடுத்துடறேன்."

போட்டார். பெர்னார்ட் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், "சந்தோஷம் சார், ரொம்ப சந்தோஷம் சார்" என்று வாசற்படி வரை சொல்லிக்கொண்டே வந்தான். நான்கு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. மல்லேஸ்வரத்துப் பனிக்காற்று அவனுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. பிரிஜெட்டுக்கு எப்படியும் ஒரு புடவை வாங்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

கேட்டருகில் முனிராஜ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மேனேஜர் வீட்டில் தோட்டமும் காவலும் பத்து வருஷமாக அவன் பொறுப்பு.

"நமஸ்காரா சார்! மீட்டர் லைட்டு சரி ஆயிதா?"

பெர்னார்ட் கையிலிருந்த காகிதத்தைச் சட்டைக்குள் தள்ளினான். "எந்த லைட்டு? உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருஷமா மினுக்குது, எனக்குத் தெரியாதா சார்?"

"மூணு வருஷமா! அப்ப நான் கெடுக்கலையா?"

"நீங்க எங்க சார் கெடுத்தீங்க? அய்யா ஊருக்குப் போறப்பல்லாம் ஆபீஸ்காரங்க ஒருத்தர்கிட்ட வண்டிய விட்டுட்டுப் போவாரு. கேஷியர் சாரு பிரேக்க சரி பண்ணிக் குடுத்தாரு. ஸ்டோர் சாரு ரேடியேட்டர மாத்திக் குடுத்தாரு. தாங்கதான் கெடுத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தரும் வெளிய மூச்சு விடறதில்ல."

பெர்னார்டுக்குச் சிரிப்பு வந்தது. தான் கெடுக்கவில்லை! அது போதும் அவனுக்கு. "நல்ல ஆளுப்பா உங்க அய்யா! அப்ப இந்த லைட்ட மட்டும் ஏன் மூணு வருஷம் விட்டு வச்சாரு?"

முனிராஜ் பூவாளியைக் கீழே வைத்தான். "இன்னா சார் பண்றது, ஆபீஸ்ல இருந்தவங்க எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சரி பண்ணிக் குடுத்தாச்சு. இதுக்குன்னே ஒருத்தரப் புதுசா வேலைக்கு எடுக்க வேண்டியதாப் போச்சு!"