காலியாக இருந்த கட்டம்

"இந்தக் கட்டத்தை மட்டும் காலியா விட முடியாது," என்றார் வரிக் கணக்கர் ஆர்லோ, படிவத்தின் அடியில் விரலால் தட்டி. "விஸ்கான்சின் மாநிலத்துல கல்யாணமானவங்க சம்பாத்தியத்துல பாதி துணைக்கும் சேரும். அதனால துணையும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்."

லோர்னா சிரித்தாள். "எனக்குத்தான் விவாகரத்து ஆகி ஒன்பது வருஷமாச்சே! அதுக்கு நான் வச்ச விருந்துல நீங்களே வந்து மீன் சாப்பிட்டீங்க."

"சாப்பிட்டேன். விர்ஜில் அருமையாப் பொரிச்சிருந்தாரு."

"அப்புறம் என்ன?"

"மீனை யாரும் அத்தாட்சியா எடுத்துக்க மாட்டாங்கம்மா. தீர்ப்போட நகல் ஒண்ணு குடுங்க, போதும்."

லோர்னா ஒரு வேனில் ஊர் ஊராகப் போய் நாய்களுக்கு முடி வெட்டுபவள். அவள் கம்பெனியில் முதலாளி ஒருவர், தொழிலாளி ஒருவர், இருவரும் அவளே. இதுவரை வரி அலுவலகம் அந்தக் கம்பெனியை இல்லாததாகவே பாவித்து, அவளை மட்டும் பார்த்துவந்தது. இந்த வருடத்திலிருந்து கம்பெனியைத் தனிப் பிறவியாக்கி, அதனிடம் அவள் சம்பளம் வாங்குவது நல்லது என்று ஆர்லோ கணக்குப் போட்டிருந்தார். மார்ச் பதினைந்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அன்று பன்னிரண்டு.

அந்த வேன் அவளுக்கு வெறும் வேன் அல்ல. கணவன் விர்ஜிலைப் பிரிந்த பிறகு அவள் தனியாக வாங்கி, தானே நீலம் அடித்தது. வாழ்க்கையில் முழுதாகத் தன்னுடையது என்று அவள் சொல்லிக்கொண்ட ஒரே பொருள்.

வீட்டில் பிஸ்கட் டப்பாவுக்குள், ஒன்பது வருடத்துக்கு முன் நீதிமன்றத்திலிருந்து வந்த உறை இருந்தது. அரசாங்க உறைகளைப் பிரிக்கும் துணிச்சல் அவளுக்கு எப்போதும் வந்ததில்லை. கனமாக இருந்ததால் தீர்ப்புதான் என்று நம்பி, அது வந்த அன்றே விருந்து வைத்திருந்தாள். இப்போதும் பிரிக்கவில்லை. நேராக நீதிமன்றத்துக்கே போனாள்.

எழுத்தர் பெர்னிஸ் கணினியைப் பார்த்தாள். லோர்னாவைப் பார்த்தாள். மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"மனு இருக்கு. தீர்ப்பு இல்ல. கடைசி விசாரணைக்கு ரெண்டு பேருமே வரல, தள்ளுபடி ஆயிடுச்சு."

"அன்னிக்குப் பனிப்புயல்! விர்ஜில் ஒருத்தன் போனாப் போதும்னு நெனச்சேன்."

"ரெண்டு பேருக்கும் தபால் போட்டுச் சொல்லியிருக்கோமே. பிரிச்சுப் பாக்கலியா?"

லோர்னா வேன் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆர்லோவிடம் திரும்பி வந்து சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஒன்பது வருஷக் கணக்குலயும் உங்களைத் 'தனி ஆள்'னு எழுதியிருக்கோமே. அத்தனையும் திருத்தணும்."

"அப்ப இந்தப் படிவமே வேணாம். கம்பெனி பழையபடி இல்லாமலே இருக்கட்டும்."

"கம்பெனி இல்லாம இருக்கலாம். புருஷன் இருக்காரே."

"என் வேன்?"

"பாதி அவருதுன்னு அவர் கேக்கலாம்."

"எந்தப் பாதி? முன்பக்கமா, பின்பக்கமா?"

"கையெழுத்து வாங்கிட்டு வாங்க லோர்னா," என்றார் ஆர்லோ தணிவாக.

விர்ஜில் ஏரிக்கு அக்கரையில் படகு மோட்டார் பழுதுபார்த்து வாழ்ந்துகொண்டிருந்தான். அவன் வாசலில் வேனை நிறுத்திவிட்டு லோர்னா நெடுநேரம் இறங்கவில்லை. ஏரியில் பனிக்கட்டி ஓரங்களில் கறுத்து, உருகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் கிடந்தது. கடைசியில் விர்ஜிலே வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"உள்ள வர்றியா, இல்ல எனக்கும் முடி வெட்டணுமா?"

அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கை எண்ணெயைத் துணியில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்படியா," என்றான். "பேனா வச்சிருக்கியா?"

"முழுசாப் படிச்சுட்டுப் போடுய்யா. இந்த வேன்ல பாதி உன்னுதாம்."

"பாதி நாய்முடிய வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண? வேன் உன்னுது. நீதானே பெயின்ட் அடிச்சே."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"பின்கதவுல ஒரு எடத்துல விட்டுப்போயிருக்கு. தினம் பாலத்துல போறப்பப் பாக்கறேன்."

வேனின் மூக்கின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். உறவு என்று கேட்டிருந்த இடத்தில், அவளைக் கேட்காமலே, நிதானமாகக் 'கணவர்' என்று எழுதினான்.

"அன்னிக்கு நீ ஏன் கோர்ட்டுக்குப் போகல?"

"நீ போவேன்னு நெனச்சேன்."

"மறுபடி மனு போடணும் போல."

"போடு," என்றான் ஏரியைப் பார்த்தபடி. "இந்தத் தடவை பனி கொட்டாத மாசமாப் பாத்துப் போடு."

திரும்பும் வழியில் பாலத்தின் நடுவே அவள் வேகத்தைக் குறைத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. இனி அந்த வேன் முழுக்க முழுக்க அவளுடையது, அவனே சொல்லிவிட்டான். வாங்கிய நாளில் இருந்த சந்தோஷம் மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆர்லோ படிவத்தைச் சரிபார்த்து உறையில் போட்டார்.

"விர்ஜிலும் உங்ககிட்டதானே கணக்குக் குடுக்கறான்?" என்றாள் லோர்னா. "அவனோடதையும் சேத்துத் திருத்திடுங்க. அவனுக்கும் இன்னிக்குத்தான் தெரியும், பாவம்."

ஆர்லோ எழுந்து அலமாரியிலிருந்து விர்ஜிலின் கணக்குக் கோப்பு ஒன்றை எடுத்தார். ஒரு பக்கத்தைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். பிறகு பக்கங்களைப் புரட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

"சொல்லக் கூடாதுதான், லோர்னா. ஒன்பது வருஷமா அவர் 'கல்யாணமானவர்'ங்கிற கட்டத்துலதான் டிக் அடிச்சுக் கொண்டுவந்து குடுக்கறாரு. ஏதோ மறதின்னு நெனச்சு, நான்தான் ஒவ்வொரு வருஷமும் அத அழிச்சு 'தனி ஆள்'னு மாத்திட்டிருந்தேன்."