முதல் வாசகருக்குச் சால்வை போத்தப் போனேன்

நேத்து எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு பெரியவருக்குச் சால்வை போத்தி, போட்டோ எடுத்துட்டு வரணும்.

எங்க வீட்டுல ஒரு வாரப் பத்திரிகை நடத்துறோம் மக்களே. நெய்வேலிச் சேதியை நெய்வேலிக்கே சொல்ற பத்திரிகை. தாத்தா ஆரம்பிச்சது, இப்போ அப்பா. எடிட்டரும் அவரே, பேப்பர் போடுறவரும் அவரே. இந்த வாரம் ஆண்டு மலர். முதல் பக்கத்துல "எங்கள் முதல் வாசகர்"னு தலைப்பு ரெடி. போட்டோவுக்கு மட்டும் இடம் காலி. சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போயாகணும்.

முதல் வாசகர் பேரு கேசவன். மைன்ஸ்ல வேலை, தாத்தாவோட சிநேகிதர். "உனக்கு ஆயுசுக்கும் இலவசம்"னு தாத்தா வாக்குக் கொடுத்துட்டார். அன்னியிலேர்ந்து அவரோட கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு பேப்பர் ஒரு வாரம்கூட நின்னதில்ல.

"நீங்க அவரைப் பாத்திருக்கீங்களாப்பா?"

"வண்டியை நிறுத்தாம கேட்டுக்குள்ள வீசிட்டுப் போயிடுவேன். அடுத்த வாரம் போனா பழைய பேப்பர் அங்க கெடக்காது. படிக்கிறார்னுதானே அர்த்தம்? அவரு ஒருத்தராவது படிக்கிறாருங்கற தெம்புலதாம்மா நான் எழுதுறதே."

சால்வையோட ஒரு மாலையும் வாங்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

அந்தக் குவார்ட்டர்ஸ் கேட்டுக்குள்ள நரைச்ச தலையோட ஒருத்தர் முருங்கைக்கீரை ஒடிச்சுக்கிட்டு இருந்தார். விடுவேனா? மாலையைப் போட்டு, சால்வையைப் போத்தி, கால்லயும் விழுந்துட்டேன்!

"யம்மா, யாரும்மா நீ? நான் பக்கத்து வூடு! கீரைக்கு வந்தேன்!"

"நீங்க கேசவன் ஐயா இல்லியா?"

"எனக்கு இன்னும் சர்வீஸே முடியலம்மா! ரிட்டையரானா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். அவரு காலி பண்ணிப் போயி எந்தக் காலம்! அப்புறம் எத்தினி குடும்பம் வந்து போயிடுச்சு. ஆமா, நீ எந்த ஊரு?"

நெய்வேலிதாங்க. பொறந்து வளந்தது, சேதி எழுதறது எல்லாம் இங்கதான். இந்த ஊர்ல யாரு ரிட்டையரானாலும் பணி நிறைவு வாழ்த்து எங்க பேப்பர்லதான் வரும். கேசவனுக்கும் நாங்கதான் போட்டிருப்போம்! போட்டுட்டு, மறு வாரமே அதே வீட்டுல பேப்பரையும் வீசியிருக்கோம். டவுன்ஷிப்புக்கு வெளிய சொந்த வீட்டுல இருக்கற எங்க மூளை இப்படித்தான் வேலை செய்யும் போல.

போத்தின சால்வையை அசடு வழியத் திருப்பி வாங்கிக்கிட்டேன். மாலையை மட்டும் அவரு கழட்ட மாட்டேன்னுட்டார்.

அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, கேசவன் வீட்டைக் காலி பண்ணிட்டாராம்."

"ஐயையோ! நேத்தா?"

"நான் ரெட்டை ஜடை போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போனப்போ."

அப்பா மெதுவா, "அப்போ இத்தினி வருஷமா யாரும்மா படிச்சாங்க?"ன்னார். எனக்குப் பாவமாப் போச்சு.

"இருங்கப்பா, கேட்டுச் சொல்றேன்."

மாலைக்காரரே கதவைத் தட்டினார். "நைட் ஷிப்டு பாத்துட்டுத் தூங்கினு இருப்பாரு. ஒடிசாக்காரரு, தங்கமான மனுசன்."

கண்ணைக் கசக்கிக்கிட்டு ஒரு இளைஞர் வந்தார்.

"சார், எங்க பேப்பர் படிக்கிறீங்களா?"

"தமிழ் படிக்கத் தெரியாது மேடம். ஆனா பேப்பர் சூப்பர்! வாரா வாரம் வெயிட் பண்றோம்."

"எதுக்கு சார்?"

"பூரி போட்டு வெச்சா எண்ணெய் நல்லா இழுக்குது. பலாப்பழம் அறுக்கக் கீழ விரிச்சுக்கிறோம். இப்போ பலா சீசன் மேடம், ரெண்டு பேப்பரா போட முடியுமா?"

அப்பதான் பாக்குறேன், போனை நான் கட் பண்ணவே இல்ல! அந்தப் பக்கம் அப்பா அவ்வளவையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கார்.

"அப்பா..."

"போத்துடி சால்வையை!"

தாத்தா காலத்துலேர்ந்து ஒரு வாசகர் தானா கேட்டு எங்க சர்க்குலேஷன் ஏறினது இதுதாங்க முதல் தடவை.