சாய்வு நாற்காலியில் இன்னொருவர்

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை அவர் இருக்க வேண்டும்.

அவர் என்றால் ஆள் இல்லை. என் மனைவி பழைய துணிகளால் செய்த உருவம். முழு ஆள் உயரம். உள்ளே கிழிந்த போர்வைகள், வெளியே அடுக்கடுக்காகச் சட்டைகள். தூக்கிப் போட்ட துணிகளில் சிலை செய்வது அவள் கலை. ஆறு வருஷமாகச் செய்கிறாள். அலமாரியைத் திறந்தால் கால்சட்டைக் குதிரை எட்டிப் பார்க்கும். குளியலறையில் காலுறைக் கொக்கு நிற்கும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பரந்த மனசு. வேறு வழியும் இல்லை.

ஆனால் இந்த மனிதரை அவள் என் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். மூன்று மாதமாக அவர் எழுந்திருக்கவில்லை.

நான் சலூன் வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஊரையே உட்கார வைத்துவிட்டு நான் நிற்கிறவன். "ஆடாதீங்க சார், காது பத்திரம்" என்று ஐம்பது பேரிடமாவது சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், சாய எனக்கு இருந்தது அந்த ஒரு நாற்காலிதான்.

போன வாரம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அவரைக் கொஞ்சம் சோபாவுக்கு மாத்தக் கூடாதா?"

"சோபால அவருக்கு முதுகு நிக்காது."

"எனக்கு மட்டும் நிக்குதா?"

"நீங்க எங்க உட்கார்றீங்க? ஆறு மாசம் முன்னாடி, ஒரே ஒரு நாள் எனக்காக உட்காருங்க, உங்கள வெச்சு ஒண்ணு செய்யணும்னு எவ்வளவு கெஞ்சினேன். என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"சும்மா உட்கார எனக்கு நேரம் இல்லன்னீங்க. அவருக்கு நேரம் இருக்கு."

டீ கப்பை மேஜை மேல் கிடந்த அட்டையில் வைத்துவிட்டு நகர்ந்தேன். அவளுடைய முதல் கண்காட்சிக்கு அடித்த அழைப்பிதழ் அது. இரண்டு வாரமாக என் கப் அதன் மேல்தான் உட்காருகிறது. கனமான அட்டை, மேஜையில் கறை படியாது.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, சலூனுக்கு விடுமுறை. மறுநாள் கண்காட்சி. குதிரை, கொக்கு எல்லாம் காலையிலேயே வண்டியில் போய்விட்டன. அவரும் நாற்காலியும் மட்டும் கடைசி நடைக்காக மிச்சம். மனைவி கண்காட்சிக் கூடத்தில் விளக்கு மாட்டப் போயிருந்தாள். இருபது உருவங்களில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அவர் இல்லையென்றால் என் நாற்காலியும் போக வேண்டியதில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

எதிர்வீட்டு டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லைங்க டீச்சர். துணி."

"மூச்சு இருக்கா?"

"எப்பவுமே இருந்ததில்லைங்க."

அவர் நம்பவில்லை. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் என்று கை காட்டினார். நான் இந்தப் பக்கம் திரும்பி, தெருமுனையில் மெத்தை தைக்கிறவர் கடைக்குள் நுழைந்தேன்.

"வந்துட்டீங்களா? வாங்க," என்றார் மெத்தைக்காரர்.

"இதைப் பிரிச்சு எந்த மெத்தைக்குள்ள வேணாலும் அடைச்சிடுங்க. யாரு கேட்டாலும் நான் வரல."

"நீங்க வரவே இல்ல," என்று சொல்லி, அவரை வாங்கிப் பஞ்சு மூட்டை மேல் பதமாகப் படுக்க வைத்தார். பிரிக்கப் போகிற துணிக்கு இத்தனை மரியாதையா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து நாற்காலியில் விழுந்தேன். பத்து நிமிஷம் நான் ராஜா.

பதினோராவது நிமிஷம் மனைவி வந்தாள்.

"அவரு எங்க?"

"வெளில போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"சொல்லிட்டுப் போகல."

கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். பழக்கம் உண்டு. அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நடுக்கூடத்துல அவருக்குத்தான் இடம் விட்டிருக்கேன். ஆறு வருஷம் கழிச்சு முதல் தடவையா கூப்பிட்டிருக்காங்க. வந்தவங்க நடுவுல காலித் தரையையா பாப்பாங்க?"

செய்தது எவ்வளவு அற்பமான வேலை என்று அப்போதுதான் உறைத்தது. மெத்தைக் கடைக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் வாடிக்கையாளரின் தலையை அளவெடுக்கும் அதே பார்வை.

"சரி விடுங்க. அவரு இடத்துல நீங்க உட்காருங்க."

"நானா? நாளைக்கு சலூன்?"

"லீவுன்னு கதவுல எழுதி ஒட்டிட்டேன்."

எப்போது ஒட்டினாள் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

மறுநாள் கூடத்தின் நடுவில் என் நாற்காலி. அதில் நான். என் மேல் அவள் பெட்டியில் மிச்சம் வைத்திருந்த பதினெட்டுச் சட்டைகள். முகத்துக்கு ஒரு பழைய பனியன். ஓட்டைகள் இருந்ததால் மூச்சும் விடலாம், வேடிக்கையும் பார்க்கலாம். "ஆடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள் மனைவி.

கூட்டம் வந்தது. என் வாடிக்கையாளர் ஒருவர் வெகுநேரம் என் முன்னால் நின்றார். "அப்படியே நம்ம சலூன்காரர் மாதிரி இருக்கு. ஆனா அவரா இருக்க முடியாது, வாயைத் திறக்கலையே," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். மூக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு பெண்மணி மனைவியிடம் கேட்டார்: "எல்லாச் சட்டையிலயும் வலது அக்குள் தையலே விட்டிருக்கே, வேணும்னே கிழிச்சீங்களா?"

"இல்லைங்க. எல்லாம் என் வீட்டுக்காரர் சட்டை. சலூன் வேலை, நாள் பூரா வலது கை மேலயே இருக்கும். முதல்ல அங்கதான் விடும். அவரு தூக்கிப் போட்டதை எல்லாம் இருபத்திரண்டு வருஷமா எடுத்து வெச்சேன். நின்னு நின்னு கால் வீங்கி வருவாரு. உட்காருங்கன்னா கேக்க மாட்டாரு. சட்டையையாவது உட்கார வைக்கலாம்னு தோணிச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டே சொல்கிறேன், நன்றாகவே வந்தது. பனியன் நனைந்தது.

"கண்ணீர்கூட வருது பாருங்க," என்றார் பெண்மணி. "உள்ள தண்ணிக் குழாய் வெச்சிருக்காங்க போல."

சாயங்காலம் கூடம் காலியானதும் அவள் என் முகத்திலிருந்து பனியனை எடுத்தாள்.

"மன்னிச்சிடு," என்றேன். "அவரைப் பிரிச்சிருக்கக் கூடாது."

"யாரு பிரிச்சா? மெத்தைக் கடைல பத்திரமா இருக்காரு. நீங்க தூக்கிட்டு வருவீங்கன்னு போன மாசமே மெத்தைக்காரர்கிட்ட சொல்லி வெச்சேன். மூணு மாசமா உங்களுக்காகத்தான் காத்திருந்தேன், ரொம்ப லேட்டு."

நான் நம்பவில்லை. அவள் பையிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்து நீட்டினாள். முழுக்க வட்ட வட்டமாக என் டீக் கறை. இரண்டு வாரத்தில் முதல் முறையாக அதைப் படித்தேன்.

'நடுக்கூடத்தில்: உட்கார்ந்தவர். பயன்படுத்திய பொருள்கள்: பழைய சட்டைகள், சாய்வு நாற்காலி, கணவர்.'