மேனேஜருக்கு ஒரு புல்தரை

“நாய் இருக்கணுமா, நான் இருக்கணுமா, ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க மாப்ளே” என்றார் மாமனார், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

மாப்பிள்ளைக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்தில் மனைவி நின்றதால் விழுங்கிவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில், சுவரோர மூலையில் புல் வட்டமாகக் கருகிக் கிடந்தது. அங்கிருந்துதான் நாற்றம். மாமனார் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். முப்பது வருஷம் அடுத்தவர் சாக்கடையை மோந்து பார்த்தே சம்பளம் வாங்கியவர். அந்த மூக்கை எதிர்த்து யாரும் பேச முடியாது.

“நாய் மூத்திரம்தான். சந்தேகமே இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள நாத்தம் போகலன்னா, நாய் போகணும்.”

“என் தம்பி பண்ணையில விட்டுடலாங்க, அவன் நல்லா பாத்துப்பான்” என்றாள் மனைவி.

குற்றவாளி மாப்பிள்ளையின் கால்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. அதற்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாது. யார் எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து நின்று மேற்பார்வை பார்க்கும். நாளெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு கிரீஸ் கையோடு வீடு திரும்பும் மாப்பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரே ஜீவன் அதுதான். அதை அனுப்ப அவருக்கு மனசே வரவில்லை.

அன்றைக்கே செயற்கைப் புல் கடைக்கு ஓடினார்.

“நாய்க்குன்னே வந்த புல்லு சார். கழுவி விட்டா போதும், வாடையே நிக்காது” என்றார் கடைக்காரர்.

சுருளை வாங்கி வந்து, மண்மேல் விரித்து, சுற்றிலும் ஆணி அடித்தார். தோட்டம் பச்சைப்பசேலென்று கல்யாணப் பெண் மாதிரி நின்றது. மேனேஜர் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டி ஒப்புதல் தந்தது.

மறுநாள் காலை நாற்றம் முன்பைவிட இரண்டு மடங்கு.

“உங்க வீட்ல களிமண்ணா சார்?” என்று கேட்டார் கடைக்காரர். “களிமண் தண்ணிய உள்ள விடாதே! எல்லாம் புல்லுக்கு அடியிலயே தேங்கி நிக்குமே!”

“இதை நேத்து சொல்லியிருக்கலாம்ல?”

“நேத்து நீங்க கேக்கல சார்.”

தண்ணீர் உள்ளே போகவில்லையென்றால் வழி செய்து கொடுத்தால் போயிற்று. மாப்பிள்ளை புல்லைச் சுருட்டிவிட்டு, கடப்பாரையால் மண் முழுக்கக் குழி போட்டார். மழை பெய்தது. அத்தனை குழியும் கிண்ணம் கிண்ணமாக நிரம்பிக்கொண்டது. மேலே விரித்த புல்லில் மனைவி காலை வைத்ததும் சேறு பீச்சியடித்துப் புடவை முழங்கால் வரை நனைந்தது.

“நாய் பண்ணினதே தேவலைங்க” என்றாள் அவள்.

அடுத்து, குழிகளை மணல் போட்டு நிரப்பினார். களிமண்ணும் மணலும் ஈரத்தில் ஒன்றாகக் கலந்து, வெயிலில் காய்ந்து, செங்கல்லாக இறுகிவிட்டன. இப்போது தண்ணீர் மட்டுமல்ல, கடப்பாரையே உள்ளே போக மறுத்தது.

“சரிவு கொடுக்கணும் மாப்ளே! வாட்டம் இல்லாம தண்ணி எப்படிப் போகும்? நான் பாக்காத வாட்டமா?” என்று மாமனாரே களத்தில் இறங்கினார். மட்டம் பார்க்கும் கயிற்றின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். சரிவு பிரமாதமாக அமைந்தது. மாலை மழையில் தோட்டத்துத் தண்ணீர் மொத்தமும் ஒரு சொட்டு வீணாகாமல் சமையலறைக்குள் வந்து சேர்ந்தது.

“கயித்த நீங்க தாழ்த்திப் பிடிச்சிட்டீங்க மாப்ளே” என்றார் மாமனார், நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்தபடி.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, மாப்பிள்ளை ஒழுங்கான வேலையில் இறங்கினார். களிமண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி எடுத்தார். ஓட்டை போட்ட குழாயைப் புதைத்தார். அதன்மேல் ஜல்லி, ஜல்லிமேல் புதுப் புல். இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. தோண்டிய களிமண் வாசலில் மலையாகக் குவிந்து, கேட்டைப் பாதிக்குமேல் திறக்க முடியவில்லை. மேனேஜர் அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்து தெருவை மேற்பார்வை பார்த்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று அன்று மேனேஜரை ஹாலில் சோபாக் காலோடு கட்டிப்போட்டுவிட்டுத்தான் படுக்கப் போனார்.

ஞாயிறு காலை புத்தம்புதுப் புல்லில், அதே சுவரோர மூலையில், ஈரம் பளபளத்தது.

“கட்டித்தானே போட்டேன்!” என்று அலறினார் மாப்பிள்ளை.

“பாவமா பாத்துச்சு மாப்ளே. விடியகாலைல நான்தான் அஞ்சு நிமிஷம் அவுத்துவிட்டேன்” என்றார் மாமனார் பெருமூச்சோடு. “என்ன பண்றது, அது புத்தி அப்படி.”

மச்சான் காரோடு வந்துவிட்டான். களிமண் மலையைச் சுற்றிக்கொண்டு மேனேஜரை நடத்திப் போய்ப் பின்சீட்டில் ஏற்றினார்கள். அது வண்டியின் மெத்தையை மோந்து பார்த்துவிட்டு, ஊர் சுற்றப் போகிற உற்சாகத்தில் வாலை ஆட்டியது. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கம் பார்க்காமல் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

“மனச தேத்திக்கங்க மாப்ளே” என்று தோளைத் தட்டினார் மாமனார். “சுத்தம்னு ஒண்ணு இருக்கில்ல?”

பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

“நாயை எங்க அனுப்புறீங்க?”

“பண்ணைக்குங்க. தோட்டத்த நாறடிக்குது” என்றாள் மனைவி.

“அய்யய்யோ, அது வாயில்லா ஜீவன்ங்க! தினமும் விடியகாலைல உங்கப்பா அந்த மூலையில ஒதுங்குறப்ப, யாராவது வராங்களான்னு பாத்துக் காவல் நிக்கிறதே அதுதானே!”