அக்கா சாப்பிடக்கூடிய பிரௌனி

சர்க்கரை டப்பாவின் மூடியைச் சின்னவள் திறந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் வந்தது.

"என்ன பண்றே?"

"பிரௌனி. சாயங்காலம் அக்கா வரா இல்ல, அதுக்கு."

"சர்க்கரை போட்டுட்டியா?"

"இப்பத்தான் போடப் போறேன்."

"போடாதே. பெரியவ சர்க்கரையை விட்டுட்டா."

சின்னவளின் கை டப்பாவுக்குள்ளேயே நின்றது. "எப்போ விட்டா? எனக்குத் தெரியாதே."

"உன்கூடப் பேசறதையே விட்டவ, சர்க்கரையை விட்டதை மட்டும் உன்கிட்ட வந்து சொல்லுவாளா? பேரீச்சம்பழத்தை அரைச்சுப் போடு. பீனட் பட்டர் வச்சிருக்கியா?"

"ரெண்டு ஸ்பூன் போடலாம்னு எடுத்து வச்சிருக்கேன்."

"ரெண்டு ஸ்பூன் யாருக்குக் காணும்? தாராளமா போடு. சத்து" என்று அம்மா போனை வைத்துவிட்டாள். அவள் இருப்பது சின்னவளின் தம்பி வீட்டில், ஒரு இரவுப் பயணத் தொலைவில். ஆனாலும் இந்தச் சமையலறையில் எந்த டப்பா எப்போது திறக்கிறது என்பது அவளுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும்.

பெரியவளும் சின்னவளும் பேசி இரண்டு வருஷமாகிறது. சின்னவள் தன் பிறந்தநாளுக்குத் தானே ஒரு கேக் செய்திருந்தாள். ஒரு துண்டை வாயில் போட்ட பெரியவள், வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்க, "இதுக்குச் சர்க்கரை மூட்டையை நடுவுல வச்சு ஆளுக்கொரு ஸ்பூன் குடுத்திருக்கலாமே" என்றாள். "உன் நாக்குக்கு மூட்டையும் பத்தாது" என்றாள் சின்னவள். பெரியவள் கைப்பையை எடுத்தாள். அதோடு சரி.

சண்டை ஒன்றும் புதிதல்ல. சிறுவயதிலிருந்தே அவர்களுடைய சந்திப்பு கெடுவதென்றால் முதல் பத்து வாக்கியத்துக்குள் கெடும். அந்தப் பத்தைத் தாண்டிவிட்டால் ஒரே போர்வைக்குள் படுத்து விடியவிடியச் சிரிப்பார்கள். அந்த முறை தாண்டவில்லை.

இப்போது பெரியவள் தானாகவே வருகிறேன் என்று அம்மா மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இதுவும் கெட்டால் இனி ஒரு தடவை இருக்காது. சின்னவளுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் விடிந்ததிலிருந்து அவளால் உட்கார முடியவில்லை. துடைத்த மேடையையே மறுபடி துடைத்தாள். பேரீச்சம்பழத்தின் கொட்டைகளை எடுத்தாள். எடுத்துக்கொண்டே, கதவைத் திறந்ததும் சொல்லவேண்டிய முதல் வாக்கியத்தை ஒத்திகை பார்த்தாள்.

'வா அக்கா, எவ்வளவு நாளாச்சு' என்று ஆரம்பிக்கலாம். அது குத்திக்காட்டுவதுபோல் ஆகும். 'இளைச்சுட்டியே'? அப்படியானால் முன்னே குண்டாக இருந்தேனா என்பாள். 'வழி ஞாபகம் இருந்துதா'? ஐயோ, அது வேண்டவே வேண்டாம். வெறும் 'வா' போதுமென்றால், ஏதோ கூரியர்காரனைக் கூப்பிடுவது மாதிரி இருக்கும்.

தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனியில், புகார் சொல்ல வரும் போன்களை எடுப்பவள் சின்னவள். நாள் முழுக்க ஊரார் வசவை "புரியுதுங்க, உங்க கோபம் நியாயம்தாங்க" என்று இறக்கி வைப்பாள். அதே வாயால் சொந்த அக்காவின் ஒரு வாக்கியத்தை இறக்கி வைக்க முடிவதில்லை. ஏன் என்று அவளும் யோசித்துப் பார்த்திருக்கிறாள். அந்நியர்கள் திட்டுவது இயந்திரத்தை. அக்கா எதைத் திட்டினாலும் அது தன்னைத்தான் என்று அவளுக்குத் தோன்றிவிடுகிறது.

முதல் தட்டு ஓவனிலிருந்து வெளியே வந்தது. கறுத்து, மினுமினுப்பாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

அங்கே அவள் கணவர் பல் செட் செய்துகொண்டிருந்தார். முன்னறைதான் அவருடைய பட்டறை. அலமாரி நிறைய வாயில்லாத பல்வரிசைகள் அவளைப் பார்த்துச் சிரித்தன.

"சாப்பிட்டுச் சொல்லுங்க."

அவர் மென்றார். "நல்லா இருக்கு. கொஞ்சம் கடவாய்ல பிடிக்குது. பேரீச்சம்பழமா?"

"பிடிக்குதுன்னா?"

"பிடிக்குதுன்னா, பிடிச்சிருக்குன்னு வச்சுக்கோயேன்."

அந்த நிம்மதி போன் அடிக்கும் வரைதான் இருந்தது.

"மைதாவா போட்டே?" என்றாள் அம்மா.

"பின்னே?"

"மைதா பக்கமே அவ போறதில்லையாம். பெரிய மாப்பிள்ளை சொன்னார். ஓட்ஸைப் பொடி பண்ணிப் போடு."

"ஒரு தட்டு முடிஞ்சே போச்சும்மா."

"முடிஞ்சதை நீங்க சாப்பிடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வரவளுக்கு ஆகாததை வச்சு நீட்டுவியா? வேணும்னே பண்ணேன்னு சொல்லுவா."

'வேணும்னே' என்ற அந்த ஒரு சொல் போதும் சின்னவளுக்கு. அக்கா அதை எந்தத் தொனியில் சொல்லுவாள் என்பதுகூடக் காதில் கேட்டது. ஓட்ஸை மிக்ஸியில் போட்டாள்.

ஓட்ஸ் பொடி ஒரு தனிப் பிறவி. ஊற்றிய பாலைக் குடித்தது. இன்னும் ஊற்றினாள், அதையும் குடித்தது. வெண்ணெயைக் குடித்துவிட்டு, குடித்ததற்கான அடையாளமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. இளக்குவதற்காக இன்னும் கொஞ்சம் பீனட் பட்டர் போட்டாள். கரண்டி நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது.

இரண்டாம் தட்டு வெந்து வந்ததும் கணவர் தானாகவே சமையலறைக்கு வந்தார். வாசனைக்கு வந்தார் என்று நினைத்தாள். அவரோ, மிக்ஸி சத்தத்தில் பல்வரிசை கோணிப்போவதாகச் சொல்ல வந்திருந்தார். வந்தவர் வாயில் ஒரு துண்டைத் திணித்தாள்.

அவர் வெகுநேரம் மென்றார். நாக்கால் அண்ணத்தைத் துழாவினார்.

"சொல்லுங்க."

ஒரு விரலை உயர்த்திப் பொறுக்கச் சொன்னார். தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்: "தப்பா எடுத்துக்காதே. அச்சு எடுக்கறதுக்கு நான் வாங்கற பசை இருக்கில்ல, இது அதைவிட நல்ல பதம்."

"வாந்தி வருதுன்னு நேராவே சொல்லிடலாமே."

"வாந்தி வராது. வரணும்னாலும் வழி இருக்காது."

அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கு இப்படி அலைபாயறே? உன் அக்கா பிரௌனி சாப்பிடவா வரா?"

"வேற எதுக்கு வரா?"

"உன்னைப் பார்க்க."

"என்னைப் பார்த்தா பேசுவா. பேசினா சண்டை. அதுக்குத்தான் நடுவுல ஒரு நல்ல பிரௌனி இருக்கணும்ங்கறேன்" என்றாள். சொன்ன பிறகுதான் தன் பயம் எதைப் பற்றியது என்று அவளுக்கே புரிந்தது. பயம் தட்டில் இல்லை, கதவுக்கும் நாற்காலிக்கும் இடையில் இருந்தது. அந்தப் பத்தடி தூரத்தை எப்படி நடந்து கடப்பது?

போன் அடித்தது. கணவரே எடுத்துக் கொடுத்தார்.

"வெண்ணெய் போட்டியா?"

"அம்மா, வேண்டாம்."

"முட்டை?"

"அம்மா."

"ரெண்டையும் எடுத்துடு. கொழுப்பாம், ஆகாதாம். வெண்ணெய்க்குப் பதிலா அந்தப் பீனட் பட்டரையே இன்னும் ஒரு பங்கு போடு. முட்டைக்குப் பதிலா வாழைப்பழத்தைப் பிசைஞ்சு விடு. நல்லாப் பிடிச்சுக்கும்."

"அவ ஏன் இதையெல்லாம் என்கிட்டச் சொல்லல? ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருந்தா நான் ஒழுங்கா பண்ணியிருப்பேன்ல?"

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே?"

சின்னவள் யோசித்தாள். 'அப்போ வந்து என்னத்தைத்தான் திங்கப் போறே' என்று சொல்லியிருப்பாள்.

"அதான்" என்றாள் அம்மா, கேட்காமலே.

பீனட் பட்டர் பாட்டிலில் சுரண்ட ஒன்றும் மிஞ்சவில்லை. கடைக்குப் போக நேரமில்லை. வறுத்த வேர்க்கடலை இருந்தது. மிக்ஸியில் போட்டாள். முதலில் பொடியாயிற்று, பிறகு களிமண்ணாயிற்று, பிறகு மிக்ஸி ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, லேசாகப் புகைந்து நின்றது. ஜன்னல்களைத் திறந்தாள். கணவர் பட்டறையில் சாந்து குழைக்கும் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்து தந்தார். இருவரும் மாறிமாறி அதில் கடலையை இடித்தார்கள். அவருடைய சட்டையில் ஏற்கெனவே இருந்த வெள்ளைத் தூளோடு இப்போது பழுப்பும் சேர்ந்தது.

"பற்கள் பாவம்" என்றார் அவர்.

"யாரோட பற்கள்?"

"பொதுவாச் சொன்னேன்."

மூன்றாம் தட்டு ஓவனிலிருந்து இறங்கும்போது வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. ஆறவைக்க நேரமில்லை. கத்தி உள்ளே இறங்கியது, வெளியே வர மறுத்தது. கணவர் தட்டைப் பிடித்துக்கொள்ள, அவள் கத்தியை இழுத்தாள். கோணல்மாணலாக வந்த துண்டுகளில் நல்ல முகமுள்ளவற்றைத் தேடி அடுக்கினாள். புடவையில் கோகோ. துடைத்தால் பரவியது. அழைப்புமணி அடித்தது.

ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் இல்லை.

கதவைத் திறந்தாள். பெரியவள் நின்றிருந்தாள், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பின்னால் அத்தான்.

பெரியவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தப்பு நடப்பதற்கு முன்னாலேயே அதைச் சொல்லிப் பழகிய வாய். அந்த வாய் இப்போது மோந்து பார்த்துவிட்டுத் திறந்தது.

"என்ன, ஏதோ கருகற வாசனை?"

சின்னவளின் நாக்கு நுனிக்குப் பதில் வந்தாயிற்று. 'நீ வந்துட்டே இல்ல, அதான்.' உதடு பிரியும் தறுவாயில் அத்தான் இருவருக்கும் நடுவில் புகுந்தார். "பசி உயிர் போகுது. பேச்செல்லாம் அப்புறம். முதல்ல தட்டை எடும்மா." அவரே நேராக மேஜைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய துண்டை மனைவி கையிலும் அடுத்த துண்டை மைத்துனி கையிலும் வைத்தார். தான் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

பெரியவள் கடித்தாள். சின்னவள், தனியாக விட மனமில்லாமல், தானும் கடித்தாள்.

அவ்வளவுதான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உடன்படிக்கை போட்டுக்கொண்டன. கடலை அண்ணத்தில் அப்பியது, வாழைப்பழம் அதற்கு முட்டுக்கொடுத்தது, ஓட்ஸ் இருந்த ஈரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு நாக்கைப் பிடித்துவைத்தது. பெரியவளின் புருவம் உயர்ந்தது. ஏதோ சொல்ல முயன்றாள். "ம்ம்" என்று வந்தது. அது பாராட்டா, புகாரா என்று சின்னவளுக்குப் பிடிபடவில்லை. கேட்க முயன்றாள். அவளுக்கும் "ம்ம்" என்றே வந்தது.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மென்றார்கள்.

பேச்சில்லாத அக்காவை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததே இல்லை. காதோரம் நரை வந்திருந்தது. கண்ணுக்குக் கீழே ஒரு களைப்பு. கைப்பை இன்னும் மடியிலேயே இருந்தது, எழுந்து போவதற்காக இல்லை, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்பதற்காக. அக்காவும் பயந்துகொண்டுதான் வந்திருக்கிறாள். இது ஏன் இத்தனை வருஷமாகத் தெரியவில்லை? அக்காவின் வாய் ஓடிக்கொண்டே இருந்தது, தங்கை அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் விரலால் கடவாயைத் தோண்டினாள். வரவில்லை. சின்னவளைப் பார்த்தாள். சின்னவளும் அதே கடவாயில் அதே விரலை வைத்திருந்தாள். முதலில் பெரியவளின் தோள் குலுங்கியது. மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது. வாய் திறக்காமல் சிரித்ததில் இருவருக்கும் கண்ணில் நீர் கொட்டியது. பெரியவள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையால் முதலில் தங்கையின் கண்ணைத் துடைத்தாள், பிறகு தன்னுடையதை. பிறகு, யாரும் கேட்காமலே, கையை நீட்டி இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

சின்னவளுக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. மைதா இல்லாமல், முட்டை இல்லாமல், வெண்ணெய் இல்லாமல், எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்க்கரை இல்லாமல் செய்த பண்டத்தை அக்கா இரண்டாம் முறை எடுக்கிறாள். உடம்புக்கு ஒத்துக்கொள்வதைத் தங்கை தேடிச் செய்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. அந்த அலைச்சலெல்லாம் வீண் போகவில்லை.

தண்ணீர் எடுத்துவர எழுந்தாள். சமையலறைக்குத் திரும்பும் இடத்தில் அத்தான் சுவரைப் பார்த்து நின்று, போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு அத்தை, ரெண்டு பேர் வாயும் நல்லா ஒட்டிக்கிச்சு, சண்டையே இல்ல, இவ எல்லாத்தையும் விட்டுட்டான்னு நீங்க அளந்தது மட்டும் சின்னவளுக்குத் தெரியாம பார்த்துக்கணும், வர்ற வழியிலகூட ஐஸ்கிரீம் வேணும்னு வண்டியை நிறுத்திட்டா."