மயங்க மறுத்த முயல்

1998 மே 23, சனிக்கிழமை. எழுந்தது, குளித்தது, விளக்கேற்றியது, மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டது, முயலுக்குத் தீனி வைத்தது எல்லாம் வழக்கமான வரிசையில்தான் நடந்தன. எங்கள் வீட்டில் என் கண்ணுக்குத் தப்பி யார் வாயிலும் எதுவும் நுழையாது என்று நான் கர்வப்பட்டுக்கொண்ட கடைசிக் காலை அது.

முயலின் பெயர் பாப்பு. என் மகள் சுதாவுக்கு அதுதான் உலகம். அதன் தாடைக்கடியில் ஒரு கட்டி வளர்ந்து, மெல்வதே பெரும்பாடாகிவிட்டது. அறுத்து எடுக்காவிட்டால் பட்டினியிலேயே போய்விடும் என்று மலையாளியான கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார்.

கிழக்கேகோட்டையில் ஆட்டோ ஏறும்போதே சுதா அழ ஆரம்பித்தாள்.

"அம்மா, பாப்பு திரும்பி வந்துடுமோல்லியோ?"

"வந்துடும்டி. அம்மா இருக்கேனே!" என்றேன் (அறுக்கப்போவது நான்தான் என்பதுபோல).

டாக்டர் ஊசி போட்டார். இப்போது சாய்ந்துவிடும் என்றார். பாப்பு உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் மருந்து போட்டார். அது அவர் சட்டைப் பொத்தானை முகர்ந்து பார்த்தது. டாக்டருக்கு வியர்த்துவிட்டது.

"மாமி, சும்மா மருந்தைக் கூட்டிண்டே போனா மூச்சு நின்னுபோகும். காரணம் தெரியாம நான் கத்தியைத் தொட மாட்டேன். இது எந்தா தின்னுது?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள்போல் பையைத் திறந்தேன். ஒரு நாள் தீனியை மூன்று டப்பாக்களில் கொண்டுபோயிருந்தேன் (யாரும் கேட்கவில்லை). கேரட்டுக்கும் முருங்கைக்கீரைக்கும் டாக்டர் தலையாட்டினார். மூன்றாவது டப்பாவை முகர்ந்தவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இது எவிடேந்து?"

"மாடியில குடியிருக்கற பையன் வளர்க்கறான். தலைவலி மூலிகையாம். பாக்க மரச்சீனிக் கிழங்குச் செடி இலை மாதிரியே இருக்கும். பழுத்த இலையை வீணாக்குவானேன்னு வடாத்தோட காயவெச்சு, தினம் ஒரு பிடி…"

"எத்தர நாளா?"

"எட்டு மாசமா. ஒரு நாள் தவறினதில்லை!"

"மாமி, இது கஞ்சாவாணு."

எனக்கு மயக்கம் வந்தது (ஊசியே இல்லாமல்). அந்த வருஷத்து வடாம் தனி ருசி என்று என் கணவர் தினமும் புகழ்ந்ததும் நினைவுக்கு வந்தது.

"டாக்டர் மாமா, அம்மாவைப் போலீஸ் பிடிச்சுண்டு போயிடுமா?" என்றாள் சுதா.

"ஆத்யம் நீ முயலைப் பிடி மோளே."

தினமும் அதைத் தின்று பழகிய உடம்புக்கு வழக்கமான மயக்கமருந்து போதாமல் போகலாமாம். டாக்டர் மூச்சை எண்ணிக்கொண்டே துளித்துளியாக ஏற்றினார். பாப்பு ஒருவழியாகச் சாய்ந்தது. கட்டி வெளியே வந்தது. பிறகு அது கண் திறக்கும்வரை சுதா என் கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில் மாடிப் பையன் அன்று மாலையே கம்பி நீட்டிவிட்டான். ஆனால் கதை எங்களை விட்டுப் போகவில்லை. சமீபத்தில் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். மயக்க டாக்டர் வந்து, "ஏதாவது பழக்கம் உண்டா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்: "இவளுக்கு ஒண்ணும் கிடையாது டாக்டர். இவ வளர்த்த முயலுக்குத்தான் இருந்தது."

முயல் ஆபரேஷனுக்கு மறுநாள் காலை, காபிகூடப் போடாமல், முதல் வேலையாக மாடிக்குப் போய்ச் செடிகளை வேரோடு பிடுங்கினேன். கை நிறைய இலையோடு திரும்பினால், தாடையில் தையலோடு பாப்பு வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. பின்னால் சுதா, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"அம்மா, பாப்புக்குப் பசிக்கறதாம்!"